பொத்தான் யார் கையில்?

சிசேரியன் முடிந்து படுக்கைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்ணின் தலைமாட்டில் ஒரு சிறிய இயந்திரம் நிற்கிறது. அதற்குள் மார்ஃபின் நிரப்பிய ஊசிக்குழல். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவள் கையின் இரத்தக்குழாய்க்குப் போகிறது. இன்னொரு கம்பியின் நுனியில் அழைப்புமணி போல ஒரு பொத்தான். அது அவள் உள்ளங்கையில் இருக்கிறது. வலி தாங்கவில்லை என்றால் அவளே அழுத்திக்கொள்ளலாம். ஒரு சொட்டு அளவு மருந்து உள்ளே போகும். அடுத்த சில நிமிடங்களுக்கு எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் மருந்து தராது. அளவு மீறிப் போகாமல் இருக்க அந்தப் பூட்டு. ஆனால் ஒவ்வொரு அழுத்தலையும் அது குறித்துவைத்துக்கொள்கிறது. எத்தனை முறை கேட்டாள், எத்தனை முறை கிடைத்தது, மொத்தம் எவ்வளவு என்று எல்லாமே பதிவாகும்.

சிங்கப்பூரின் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் இப்படிப் பதிவான கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சிசேரியன் செய்துகொண்ட ஏறத்தாழ 1,000 பெண்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று பிரிவினர். வலி எவ்வளவு என்று கேட்டபோது அதிக மதிப்பெண் சொன்னவர்கள் இந்தியப் பெண்கள். பொத்தானை அழுத்தி அதிக மார்ஃபின் எடுத்துக்கொண்டவர்களும் அவர்களே. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழ் வழியினர் என்பதால், இது ஓரளவுக்கு நம் பெண்களின் வலியைப் பற்றிய கணக்கும்தான்.

இதைப் படித்த கையோடு "அப்படியானால் நம்மவர்களுக்கு வலி தாங்கும் சக்தி குறைவு" என்று முடிவு கட்டிவிடுவது எளிது. நானும் முதல் வாசிப்பில் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஆனால் ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் ஆசியர்களிடம் பரவலாக உள்ள ஒரு சிறு மாற்றத்தையும் அதே பெண்களிடம் சோதித்தார்கள். அந்த மாற்றம் இருந்தவர்களுக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனால் அதைக் கழித்துப் பார்த்த பிறகும் இனக்குழுவுக்கு இடையிலான வேறுபாடு மிஞ்சியது. மரபணு ஒரு பங்கைச் சொல்கிறது. மீதியைச் சொல்ல உடம்புக்கு வெளியேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு இவையெல்லாம் சராசரிகள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, சீனச் சராசரிக்கும் இந்தியச் சராசரிக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

அந்தப் பொத்தானை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1996-இல் கலிஃபோர்னியாவில் இதே வகை இயந்திரத்தை வைத்து இன்னோர் ஆய்வு நடந்தது. அறுவை சிகிச்சை முடிந்த 450-க்கும் மேற்பட்டவர்கள். வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், ஆசியர். நோயாளிகள் தாங்களே அழுத்தி எடுத்துக்கொண்ட அளவில் இனக்குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த அளவில் வேறுபாடு இருந்தது. அதாவது பொத்தான் நோயாளியின் கையில் இருந்தபோது எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றார்கள். பேனா மருத்துவரின் கையில் இருந்தபோது நிறம் உள்ளே வந்துவிட்டது.

வலியும் இனமும் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் படிக்க இது எனக்கு ஒரு திறவுகோலாக இருந்தது. எந்த ஆய்வை எடுத்தாலும் ஒரே கேள்வி: இங்கே தெரியும் வேறுபாடு பெறுகிற உடம்பில் இருக்கிறதா, கொடுக்கிற கையில் இருக்கிறதா?

கொடுக்கிற கையிலிருந்தே தொடங்கலாம். 1993-இல் லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கை கால் எலும்பு முறிந்து வந்த 139 பேரின் பதிவேடுகளை நாக்ஸ் டாட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். எலும்பு முறிவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. எக்ஸ்ரேயில் முறிவு கண்ணுக்குத் தெரியும்; வலிக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட இடமே இல்லை. வெள்ளையர்களில் 26 சதவீதம் பேருக்கு வலிநிவாரணி எதுவும் கொடுக்கப்படவில்லை. ஹிஸ்பானியர்களில் அது 55 சதவீதம். மொழி, காப்பீடு, காயத்தின் தன்மை என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் எடுத்துக் கழித்தும் இடைவெளி மறையவில்லை.

ஒருவேளை மருத்துவர்களுக்கு ஹிஸ்பானியர்களின் வலி சரியாகப் புரியவில்லையோ? அடுத்த ஆண்டே டாட் அதையும் சோதித்தார். நோயாளி தன் வலிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். மருத்துவரும் தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். மருத்துவர்களின் மதிப்பீடு இனத்தைப் பொறுத்து மாறவில்லை. வலி இருப்பது தெரிந்திருக்கிறது. மருந்துதான் போய்ச் சேரவில்லை. என்னை அதிகம் உறுத்திய முடிவு இது. அறியாமை என்றால் பாடம் நடத்தித் திருத்தலாம். தெரிந்தும் கை நீளவில்லை என்றால், கண்ணுக்கும் கைக்கும் நடுவில் வேறு ஏதோ நின்று மறிக்கிறது.

2000-இல் அட்லாண்டாவில் இதே முறையில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒப்பிட்டார்கள். எலும்பு முறிந்த வெள்ளையர்களில் 74 சதவீதம் பேருக்கும் கறுப்பர்களில் 57 சதவீதம் பேருக்கும் வலிநிவாரணி கிடைத்திருந்தது. வலிப்பதாகச் சொன்னது பதிவேட்டில் இரு தரப்பிலும் ஒரே அளவில்தான் எழுதப்பட்டிருந்தது. நாடு முழுவதும் 1993 முதல் 2005 வரை அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வலியோடு வந்தவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு 2008-இல் வந்தது. மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகள் வெள்ளையர்களில் 31 சதவீதம், ஹிஸ்பானியர்களில் 24 சதவீதம், கறுப்பர்களில் 23 சதவீதம் பேருக்குக் கிடைத்தன. 2015-இல் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. குடல்வால் வீங்கிக் கடும் வலியோடு வந்த கறுப்பினக் குழந்தைகளுக்கும் அந்த மருந்து கிடைப்பது அரிதாகவே இருந்தது. எட்டு வயதுக் குழந்தையைப் போதைக்காக நடிக்கிறது என்று எவரும் சந்தேகிக்க முடியாது. அங்கேயும் கை தயங்கியிருக்கிறது.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறுபாடு எதுவும் தெரியாத மருத்துவமனைகளும் உண்டு. அமெரிக்காவில் ஓபியாய்டுகளை அள்ளி எழுதிக்கொடுத்ததால் எழுந்த போதைப் பேரழிவின் முதல் அலையில் கறுப்பர்கள் ஓரளவு தப்பித்தார்கள், அவர்களுக்கு மருந்து குறைவாகக் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை எழுதிக்கொடுப்பது ஒன்று. உடைந்த எலும்புக்கு அந்த இரவு ஓர் ஊசி போடுவது வேறொன்று. இரண்டாவதை மறுத்ததற்கு முதலாவதைக் காரணமாகக் காட்ட முடியாது.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற லூயிசியானா மருத்துவர், அடிமைகளாக இருந்த கறுப்பர்களின் உடல் உணர்ச்சியே மந்தமானது என்று ஒரு நோய்ப்பெயர் சூட்டி மருத்துவ இதழில் எழுதினார். சவுக்கடியை அவர்கள் பெரிதாக உணர்வதில்லை என்று எழுதுவது அடிமை முதலாளிகளுக்குத் தேவையான மருத்துவமாக இருந்தது. அதற்குச் சற்று முன்பு, 1845-க்கும் 1849-க்கும் இடையில், அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற அறுவை மருத்துவர் அடிமைப் பெண்கள் மீது அறுவை முறைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும் பாதையைத் தைத்துச் சரிசெய்யும் முறை அது. அனார்ச்சா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்ச்சாவுக்கு மட்டும் 30 முறை கத்தி வைத்தார், மயக்கமருந்து இல்லாமல். ஈதர் மயக்கமருந்து பாஸ்டனில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டப்பட்டது 1846-இல். அதற்குப் பிறகும் அந்தப் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று நியூயார்க் மத்தியப் பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில் வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் 222 பேரிடம் சில கூற்றுகளைக் கொடுத்து உண்மையா என்று கேட்டார்கள். கறுப்பர்களின் தோல் தடிமனானது, நரம்பு நுனிகளில் உணர்ச்சி குறைவு, இரத்தம் விரைவில் உறைந்துவிடும் என்பவை அவற்றில் சில. எல்லாம் பொய். ஏறத்தாழப் பாதிப் பேர் குறைந்தது ஒரு பொய்யையாவது உண்மை என்றார்கள். அப்படி நம்பியவர்களே கற்பனையான ஒரு கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். பரிந்துரைத்த சிகிச்சையிலும் தவறினார்கள். ஆய்வுக்கூடத்தில் சூட்டையும் குளிர்ந்த நீரையும் வைத்து அளந்த முடிவுகளோ நேர் எதிர்த் திசையில் இருக்கின்றன. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் சராசரியாக வெள்ளையர்களைவிடச் சற்று விரைவில் "போதும்" என்கிறார்கள்.

மருத்துவர் மனம் மட்டும்தான் காரணம் என்று நிறுத்திவிடவும் கூடாது. 2000-இல் நியூயார்க் நகர மருந்துக்கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. கடும் வலிக்குத் தேவையான ஓபியாய்டு மருந்துகள் போதிய அளவில் இருக்கின்றனவா என்பது கேள்வி. வெள்ளையர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 72 சதவீதக் கடைகளில் இருந்தன. மற்றவர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 25 சதவீதக் கடைகளில் மட்டுமே. மனிதநேயமுள்ள மருத்துவர் ஒருவர் சரியான சீட்டை எழுதிக்கொடுத்தாலும், புற்றுநோயாளியின் மகன் அதை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது.

வலியை நம்பாத இந்தப் பார்வை ஐரோப்பாவில் பட்டப்பெயராகவே வழங்குகிறது. கத்தி அழுகிறவர் தெற்கிலிருந்து வந்தவர் என்றால் பிரான்சில் "மெடிட்டரேனியன் சிண்ட்ரோம்" என்பார்கள். ஜெர்மனியில் துருக்கியரைக் குறிவைத்து "போஸ்போரஸ் நோய்" என்ற கேலிப்பெயர் உண்டு. பிரிட்டனில் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வரும் தெற்காசியப் பெண்களுக்கு "மிசஸ் பீபி" என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆப்பிரிக்க வழியினரான 22 வயதுப் பெண் ஒருவர் வயிற்று வலியில் அவசர உதவி எண்ணை அழைத்தார். செத்துவிடுவேன் போலிருக்கிறது என்றார். மறுமுனையிலிருந்து வந்தது ஏளனம். பல மணி நேரம் கழித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு அன்றே இறந்தார். அதன் பிறகுதான் அந்தப் பட்டப்பெயரைப் பற்றிப் பிரான்ஸ் வாய் திறந்து பேசியது.

இனிப் பெறுகிற உடம்பு. அங்கே வேறுபாடே இல்லை என்று சொல்வதும் பொய்யாகிவிடும்.

இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் நாம் அறிந்த கோடீன் தன்னளவில் வலியை அதிகம் குறைப்பதில்லை. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு சிறு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது. வலியைத் தணிப்பது பெரும்பாலும் அந்த மார்ஃபின்தான். இந்த நொதி சிலரிடம் வேலையே செய்யாது. ஐரோப்பியரில் 5 முதல் 10 சதவீதம் பேர் இப்படி. அவர்களுக்குக் கோடீன் கொடுத்தால் வலி அப்படியே இருக்கும். "மாத்திரை போட்டும் வலிக்கிறது" என்று சொன்னால் நடிப்பு என்ற பழியும் வரும். வேறு சிலரிடம் அதே மரபணு இரட்டிப்பாக இருந்து நொதி அதிவேகமாக ஓடும். கோடீனில் வழக்கத்தைவிட அதிகப் பங்கு விரைவாக மார்ஃபினாகி மூச்சை அடக்கிவிடலாம். எத்தியோப்பியரில் இத்தகையோர் 29 சதவீதம் வரை இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். வட ஐரோப்பாவில் ஓரிரண்டு சதவீதம். தொண்டைச் சதை அறுவை முடிந்து கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இறந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீனே கூடாது என்றது. வலிக்கு டிராமடாலும் கூடாது என்று சேர்த்துக்கொண்டது.

எத்தியோப்பியரின் 29 சதவீதத்தைப் பார்த்துவிட்டு "கறுப்பர்களுக்குக் கோடீன் வேகமாக ஏறும்" என்று ஒரு மருத்துவர் முடிவெடுத்தால் என்ன ஆகும்? மனித மரபணு வேறுபாடுகள் மிக அதிகமாக உள்ள கண்டம் ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவில் கண்ட விகிதம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பொருந்தாது. அங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் பொருந்தாது. படிவத்தில் உள்ள "கறுப்பர்" என்ற கட்டம் இத்தனை பேரையும் ஒன்றாக அடைக்கிறது. "ஆசியர்" என்ற கட்டத்தில் ஜப்பானியரும் தமிழரும் ஒரே டிக் குறிக்குள் வருகிறார்கள். உடம்பின் வேறுபாடு உண்மை. அதைப் பிடிக்க இந்தக் கட்டங்கள் உதவாது.

கட்டம் உதவிய ஓர் இடத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது எப்படி உதவியது என்பதுதான் முக்கியம். முகத்தில் மின்சாரம் பாய்வது போலச் சுரீர் சுரீரென்று வெட்டும் முக்கிளை நரம்பு வலிக்குக் கார்பமசெபின் முதல் மருந்து. வலிப்பு நோய்க்கும் அதையே கொடுக்கிறார்கள். டெக்ரிட்டால் என்றால் நம் ஊரில் பலருக்குத் தெரியும். சிலருக்கு இந்த மருந்து தீக்காயம் பட்டது போலத் தோலையும் வாயையும் கண்ணையும் உரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. 2004-இல் தைவானில் இப்படிப் பாதிக்கப்பட்ட ஹான் சீனர் 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பிறகு தைவானின் 23 மருத்துவமனைகளில் மருந்து தொடங்கும் முன் 4,877 பேருக்கு அந்தச் சோதனையைச் செய்தார்கள். 7.7 சதவீதம் பேரிடம் அந்த வகை இருந்தது; அவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் 10 பேருக்குத் தோல் உரிந்திருக்க வேண்டும். 2011-இல் முடிவு வெளியானபோது எண்ணிக்கை பூஜ்யம்.

சிங்கப்பூர் 2013-இல் ஆசிய வழியினர் அனைவருக்கும் இந்த மருந்தைத் தொடங்கும் முன் இச்சோதனையை வழக்கமான சிகிச்சை முறையாக்கியது. தெற்காசியரிடமும் இந்த வகை 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது. இங்கே இனக்குழு ஒரு வேலை மட்டுமே செய்தது. யாரைச் சோதிக்க வேண்டும் என்று கை காட்டிவிட்டு விலகிக்கொண்டது. மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்தது அந்த ஒரு மனிதரின் இரத்தம்.

உடம்புக்கும் கைக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது: வாய். வலியை எப்படிச் சொல்கிறோம் என்பது.

1952-இல் மார்க் ஸ்பரோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனையில் செய்த ஆய்வை வெளியிட்டார். இத்தாலியரும் யூதரும் வலியில் சத்தம் போடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் இத்தாலியருக்கு வலி நின்றால் போதும், முகம் தெளிந்துவிடும். யூதருக்கு வலி நின்ற பிறகும் கவலை நிற்காது. இது எதன் அறிகுறி, நாளைக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. மருந்து அந்த அறிகுறியை மறைத்துவிடுமோ என்ற அச்சம் வேறு. ஒரே அலறலுக்குள் இரண்டு தேவைகள் இருக்கலாம் என்று காட்டியதுதான் அந்த ஆய்வின் கொடை. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் அமெரிக்கச் செவிலியர் பாடநூல் ஒன்றில் எந்த இனத்தவர் வலியில் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு பகுதி இருந்தது. இந்து வழக்கத்தைப் பின்பற்றும் இந்தியர்கள் அடுத்த பிறவி நன்றாக அமைய வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நம்புவார்கள் என்பது அதில் ஒரு வரி. எதிர்ப்பு கிளம்பியதும் பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. முழங்கால் குடைச்சலில் இரவெல்லாம் காலைப் பிடித்துவிடச் சொன்ன என் பாட்டி அடுத்த பிறவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தைலம் எங்கே என்றுதான் கேட்டார்.

ஆய்வுக்கூடமும் "தெற்காசியர்" என்ற பெயருக்கு ஒரே விடை தரவில்லை. 2000-இல் இந்தியாவில் உள்ள கல்லூரி மாணவர்களையும் அமெரிக்க மாணவர்களையும் ஒப்பிட்டபோது இந்திய மாணவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். வலியை வெளிக்காட்டுவது சரியல்ல என்றும் அவர்களே அதிகம் கருதினார்கள். 2005-இல் பிரிட்டனில் வாழும் தெற்காசிய ஆண்களுக்குச் சூடு வைத்துப் பார்த்தபோது வெள்ளையர்களைவிட முன்னதாகவே வலிக்கிறது என்றார்கள். யார் முன்னால், எந்த ஊரில், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது.

பாட்டியின் சொல்லுக்கே வருகிறேன். குடைச்சல் என்றால் எலும்புக்குள் துரப்பணம் போட்டது போன்றது. உளைச்சல் ஓயாத அலுப்போடு கூடியது. குத்தல் ஓர் இடத்தில் நின்று தாக்குவது. கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, தெறிப்பு, சுளுக்கு, எரிச்சல் என ஒவ்வொன்றும் வேறு. பல் விண்விண்ணென்று தெறிக்கும். கால் மதமதவென்று மரத்துப்போகும். யாழ்ப்பாணத்தில் தலைவலி இல்லை, தலையிடி, கால் வலிக்காது, உளையும், காயம் நோகும். 1975-இல் ரொனால்ட் மெல்சாக் கனடாவில் வலியை அளக்க உருவாக்கிய புகழ்பெற்ற மெக்கில் வினாப்பட்டியலில் 78 ஆங்கிலச் சொற்கள் 20 தொகுதிகளாக இருக்கின்றன. சொல்லின் வகையிலிருந்தே நோயின் வகையை ஊகிக்கலாம் என்பது அதன் அடிப்படை. அது சரியான அடிப்படை. டொராண்டோவில் ஓர் ஈழத்து முதியவர் "ரெண்டு காலும் எரியுது தம்பி, விறைச்சும் கிடக்கு" என்று சொல்ல, கூட வந்த பேரன் அதை "காலில் வலி" என்று மட்டும் மொழிபெயர்த்தால் இழப்பு சொல்லில் மட்டும் நிற்பதில்லை. எரிச்சலும் விறைப்பும், அதாவது மரத்துப்போவதும், சேர்ந்தால் பெரும்பாலும் நரம்பு வலி. நீரிழிவுக்காரருக்கு அது அடிக்கடி வரும். அதற்கு வேண்டியது அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள். வெறும் வலி என்றால் பாராசிட்டமால் எழுதுவார்கள். நரம்பு எரிச்சலுக்கு அது பெரிதாக உதவாது. பேரன் விட்ட இரண்டு சொற்களால் மருந்தே மாறிப்போகிறது.

நம் மொழியில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பிரசவத்தில் கருப்பை சுருங்குவதற்கும் அதனால் வரும் வேதனைக்கும் தமிழில் ஒரே சொல்: வலி. "வலி வந்துடுச்சா?", "வலி பத்தல" என்பவை பிரசவ அறையின் அன்றாடப் பேச்சு. 1990-களில் தமிழ்நாட்டில் களஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், வலியைக் கூட்டும் ஊசியைப் பெண்களே கேட்டு வாங்கியதை விரிவாக எழுதியிருக்கிறார். வலியைக் குறைக்கும் மருந்து பெரும்பாலும் பேச்சிலேயே இல்லை. வலி பெண்ணின் சக்தி என்ற நம்பிக்கை ஒரு பக்கம். கட்டில் கிடைக்காத கூட்டத்தில் சீக்கிரம் பெற்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய நிலை மறுபக்கம். தூரத்திலிருந்து பார்க்கிறவர் "இவர்கள் வலியை விரும்புகிறார்கள்" என்று எழுதிவிடுவார். இங்கிலாந்தில் 2011 முதல் பத்தாண்டுப் பிரசவங்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வில், முதுகுத்தண்டில் ஊசி போட்டு வலி குறைக்கும் சிகிச்சை வங்கதேச வழிப் பெண்களுக்கு வெள்ளையரைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவாகக் கிடைத்திருந்தது. அவர்களாக வேண்டாம் என்றார்களா, அவர்கள் மொழியில் எவரும் எடுத்துச் சொல்லவில்லையா என்பதை எண்கள் சொல்வதில்லை. அதைப் பிரசவ அறையில் நின்று கேட்கத்தான் வேண்டும்.

கை, உடம்பு, வாய் மூன்றையும் ஒன்றாக முடிச்சிடும் நோய் ஒன்று நீலகிரியில் இருக்கிறது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் கூறு இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த நோயின் வரலாறு ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய இரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்து, நுண்ணிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். இரத்தம் போகாத எலும்பு துடிக்கும். நெஞ்சு, முதுகு, கை, கால் எங்கு வேண்டுமானாலும் வரும், நாள்கணக்கில் நீடிக்கும். எலும்பு முறிவு போல எக்ஸ்ரேயில் காட்ட எதுவும் இருக்காது. வலிக்கிறது என்று நோயாளி சொல்வதுதான் ஒரே சாட்சி.

அமெரிக்காவில் இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். கை கால் முறிந்து வந்தவர்களைவிட இவர்கள் ஒன்றரை மடங்கு நேரம் காத்திருந்தார்கள் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்று துல்லியமாகச் சொன்னால் போதைக்கு வந்தவர் என்ற சந்தேகம் எழுகிறது; ஆனால் சிறுவயதிலிருந்து அதே வலியோடு வாழ்கிறவர் துல்லியமாகத்தான் சொல்வார். பிரிட்டனில் 2019-இல் இந்நோயுள்ள ஓர் இளைஞர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே ஆக்சிஜன் கேட்டு அவசர உதவி எண்ணை அழைக்க நேர்ந்தது, பிறகு இறந்தார். அதையொட்டி நாடாளுமன்றக் குழு ஒன்று 2021-இல் வெளியிட்ட அறிக்கை, நோயாளிகள் சொல்வதை எவரும் கேட்பதில்லை என்பதையே தலைப்பாக வைத்தது.

இங்கே நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்கு இரண்டு தடைகள். ஒன்று நோய்ப்பெயரே தெரியாமல் வளர்வது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சோதனையும் தொடர் சிகிச்சையும் செய்து வருகின்றன. 2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசியத் திட்டம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. இரண்டாவது தடை மருந்து. மருந்து நோக்கத்துக்கான ஓபியத்தைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் வயல்கள் இருக்கின்றன. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளால் அடுத்த 12 ஆண்டுகளில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. பழகிப்போன அச்சம் திருந்தவில்லை. உலகில் ஆண்டுதோறும் விநியோகமாகும் 298.5 டன் ஓபியாய்டு வலிநிவாரணியில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன் என்றும், இந்தியாவின் தேவையில் 4 சதவீதம்தான் நிறைவேறுகிறது என்றும் லான்செட் ஆணையம் 2017-இல் கணக்கிட்டது. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு மருத்துவமனைக்குள் தெரிந்த இடைவெளி இங்கே நாடுகளுக்கு இடையில் நிற்கிறது.

பிரிட்டனின் சிகிச்சை நெறிமுறை 2012 முதல் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. அரிவாள் செல் வலியோடு ஒருவர் வந்தால் 30 நிமிடத்துக்குள் வலிநிவாரணி தர வேண்டும். பிறகு வலி அடங்கும்வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். அந்த அரை மணிக் கணக்கில் மருத்துவரின் ஊகத்துக்கு இடம் குறைவு. ஆனால் அது மருத்துவமனை வாசலில் தொடங்குகிற கடிகாரம். பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் குடியிருப்பு ஒன்றில் நடுராத்திரி துடிக்கும் பையனுக்கு அது ஜீப் கிடைக்கும் நேரத்திலிருந்து ஓட வேண்டும். இறங்கியதும் அவனிடம் அவன் பேச்சில் "எங்கே, எப்படி வலிக்குது?" என்று கேட்கத் தெரிந்த ஒரு செவிலியர் இருக்க வேண்டும், அவர் பின்னால் உள்ள அலமாரியில் பூட்டுக்குள் மார்ஃபினும், அந்தப் பூட்டைத் திறக்க உரிமம் உள்ள ஒருவரும் இருக்க வேண்டும்.